பாதி ஜெர்மனி

அன்பு மகனே,

இதனால் உனக்கும், உன் வழியாக வருங்காலத் தலைமுறைகளுக்கும் மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவிப்பது என்னவென்றால், சில நாட்களாகக் காணாமல் போயிருந்த நம் வீட்டு டிவி ரிமோட் இன்று காலை அரிசி டிரம்முக்குள்ளிருந்து உயிருடன் மீட்கப்பட்டது. காயம் ஏதும் இல்லை. பட்டன்களுக்கு நடுவே நாலைந்து பொன்னி அரிசி சிக்கியிருந்ததைத் தவிர வேறு சேதமும் இல்லை. மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கியவன் உன் அப்பன். “எப்டிடா அதுக்குள்ள கீதுன்னு கண்டுபுடிச்ச?” என்று என் அம்மா வாயில் கை வைத்து நின்றார். “எல்லாம் மூளம்மா” என்று அடக்கத்தோடு சொன்னேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை. பதறாதே, தாமதம் உன்னுடையது அல்ல. எனக்கே பதினேழுதான் ஆகிறது. ஆரணியில் ப்ளஸ் டூ படிக்கிறேன், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மேல் கை ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன். பள்ளி ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை கேட்ட தமிழ் ஐயா, எனக்கு ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்று தலைப்புக் கொடுத்தார். அப்பாவுக்கு எழுதினால் அப்பா படித்துவிடுவார், அதில்தான் சிக்கல். “ஐயா, நான் அப்பாவா இருந்து புள்ளைக்கு எழுதட்டுங்களா?” என்று கேட்டேன். “நீ புள்ளையாவே ஒழுங்கா இல்ல. எழுதித் தொல” என்று ஆசி வழங்கினார். எனவே இந்த உலகத்தில் என்னை இன்னும் திட்ட முடியாத ஒரே ஆளான உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கும் காலத்தில் என்னைவிட மூத்தவனாக, எங்கோ தூர தேசத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். மகளாகப் பிறந்திருந்தால் ‘மகளே’ என்று திருத்தி வாசித்துக்கொள்.

உன் அப்பனுக்கு வீட்டில் ஒரு பட்டம் உண்டு, உலகக் கல்வி அமைச்சர். எந்த நாட்டில் பிள்ளைகள் எத்தனை வயதில் பள்ளிக்குப் போகிறார்கள், எங்கே வீட்டுப்பாடம் குறைவு, எங்கே சீருடை கிடையாது என்றெல்லாம் போனில் தேடித் தேடிப் படிப்பேன். படித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பேன். ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைக்கிறார்கள் என்பேன், என் தட்டை நான் எடுக்காமலே எழுந்து போய்விடுவேன். சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடிவில் பெரிய தேர்வு, அதற்குப் பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகம் நடுங்குகிறார்கள் என்பேன். தென் கொரியாவில் பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் இன்னொரு டியூஷன் என்பேன். எனக்குப் பிடித்த நாடு பின்லாந்து. அங்கே ஏழு வயதில்தான் பள்ளி. நம்மூரில் ஏழு வயதுக்குள் ஒரு பிள்ளை எல்.கே.ஜி. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டு போட்டோவே எடுத்துவிடும்.

ஒருநாள் கணக்குப் பாடம் செய்யாமல் மாட்டிக்கொண்டபோது, பின்லாந்தில் வீட்டுப்பாடம் கொஞ்சம்தான் என்று என் அப்பாவிடம் வாதாடினேன். அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அன்று கை இரண்டும் கருநீலமாக இருந்தன, அதனால் அடிக்கவில்லை. “அந்த ஊர்ல வாத்தியார் ஆவறதுக்கு எவ்ளோ வருசம் படிக்கணும்னு அதே போன்லதான கீது? அத்த சொன்னியா? பரோட்டாவ உட்டுட்டு சால்னாவ மட்டும் நக்கிட்டு வர்ற பய நீ” என்றார். நான் சிரித்தேன். அப்போதே அதைக் காதில் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. பட்டு ஊரில் பிறந்தும் எல்லாவற்றையும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உனக்கு ஒரு அத்தை உண்டு, நிவேதா. என் சித்தப்பா மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால், என் குறும்புகளின் முழுப் பாரமும் அவள் மேல்தான் விழுந்தது. சித்தப்பாவுக்குக் கடைத்தெருவில் பட்டுப்புடவைக் கடை. இந்த மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது நிவி கணக்கில் மட்டும் ஃபெயிலாகிவிட்டாள். மற்றதெல்லாம் நல்ல மதிப்பெண், தமிழில் என்னைவிட நிறைய. கடையின் பின்பக்கம், புடவைப் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஆனால் உலகம் முடிந்துவிடவில்லை. ஜூலையில் துணைத்தேர்வு உண்டு. குறிப்பிட்ட தேதிக்குள் பணம் கட்டி, எழுதி, தேறினால் அதே வருடமே பதினொன்றில் சேர்ந்துவிடலாம். சித்தி அதற்குத்தான் துடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் வந்தவாசியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கியது. வைகாசி முகூர்த்தம், கடையில் நிற்க இடமில்லை. வேலை செய்த பையன் ஒருவன் அப்போதுதான் நின்றுவிட்டான், அதனால் நானும் கைக்கு உதவியாகப் போயிருந்தேன். பெண்கள் முகூர்த்தப் புடவையில் மூழ்கிவிட, கல்யாணப் பெண்ணின் அண்ணன் மட்டும் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் ஏதோ இயந்திரத் தொழிற்சாலையில் வேலை என்று தெரிந்ததும் அமைச்சருக்குக் காது நீண்டுவிட்டது. ஒரு பன்னீர் சோடாவோடு போய் நின்றேன்.

“அங்க ஸ்கூலெல்லாம் எப்டிங்கண்ணா?”

“இன்னாத்துக்குப்பா? வரப்போறியா?” என்று சிரித்தவர், பொழுது போகாததால் விரிவாகவே சொன்னார். “நெறைய எடத்துல நாலாவது முடிச்சதும் பிரிச்சுடுவாங்க தம்பி. காலேஜ் பக்கம் போறவங்களுக்கு ஒரு ஸ்கூலு, தொழில் பக்கம் போறவங்களுக்கு வேற ஸ்கூலு. அங்க தொழில்னா கேவலமில்ல. எங்க கம்பெனிக்கே பதினாறு பதினேழு வயசுப் பசங்க வந்துகினு இருக்காங்க. வாரத்துல மூணு நாலு நாளு எங்ககூட மிஷின்ல நிப்பாங்க, மிச்ச நாளு ஸ்கூல்ல. கடைங்கள்லயும் அப்டித்தான். கடைசியில பரீட்ச வச்சு சர்ட்டிபிகேட்டு. ஆனா அவ்ளோ சின்ன வயசுல பிரிக்கிறது தப்புன்னு அங்கியும் சண்ட நடந்துகினுதான் இருக்கு.”

முழு ஜெர்மனியையும் அவர் என் கையில் கொடுத்தார், மகனே. பன்னீர் சோடா விலைக்கு அதிகம்தான். நான் வீட்டுக்குக் கொண்டுபோனது பாதி.

மறுநாள் மதியம் கடையின் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தோம். “நாளைக்கு ஸ்கூலுக்குப் போயி பணத்த கட்டிட்டு வந்துடறேங்க” என்றார் சித்தி. சித்தப்பா குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தார். நிவி சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஆரம்பித்தேன், இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

“சித்தப்பா, ஒரு சர்வதேசச் செய்தி.”

“சொல்லுங்க அமைச்சரே.”

“ஜெர்மனியில நிவி மாதிரி பொண்ணுங்கள கணக்கு போடு கணக்கு போடுன்னு சாவடிக்க மாட்டாங்களாம். பத்து வயசுலயே பிரிச்சுடுவாங்களாம். கடைக்கு போறவங்க ஜாலியா கடைக்கு போயிகினே இருப்பாங்களாம். புடவ மடிச்சா அதுக்கே கவர்மெண்ட்டு சர்ட்டிபிகேட்டு!”

நிவி நிமிர்ந்தாள். “நெசமாவாண்ணா? ஃபெயிலானா அங்க திட்ட மாட்டாங்களா?”

“ஃபெயிலுங்கிறதுக்கு ஜெர்மன் பாஷையில வார்த்தையே கிடையாது” என்று அடித்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். ரிசல்ட் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. எனக்கு மெடல் குத்தியதுபோல் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் சித்தப்பாவும் நிமிர்ந்ததை நான் கவனிக்கவில்லை.

“பாத்தியாடி? ஜெர்மனிக்காரனே அப்டித்தான் பண்றானாம். நம்ம புள்ள கடையில நின்னா இன்னா கொறஞ்சா பூடும்? ஆளில்லாம நான் ஒண்டியா அல்லாடிகினு கீறேன்.”

“ஜெர்மனிக்காரன் பட்டுப்பொடவயா விக்கிறான்? மொதல்ல பணத்த கட்டுங்க.”

“இருடி, முகூர்த்தம் முடியட்டும். ஜல்தி இன்னா?”

சித்தப்பா கெட்டவர் இல்லை. நிவிக்குக் காய்ச்சல் என்றால் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர். மகள் கடையில் கூடமாட இருந்தால் நன்றாக இருக்கும் என்கிற ஆசை அவருக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வெளியே சொல்லும்படியான ஒரு காரணம்தான் இல்லாமல் இருந்தது. நான் இறக்குமதி செய்து கொடுத்தேன்.

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ‘மிச்ச நாளு ஸ்கூல்ல’ என்று அந்த அண்ணன் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. சித்தப்பா கடையிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது ஒரு தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்காக நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூலுக்குத்தான் பாவு என்று பெயர். தெரு நீளத்துக்கு அது பளபளவென்று கிடந்தாலும் குறுக்கே ஊடை நூல் ஓடாதவரை அது புடவை இல்லை, வெறும் நூல். அதன் ஓரமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது, நான் சொன்ன ஜெர்மனியில் குறுக்கு நூலே இல்லை என்பது தெளிவாகவே உறைத்தது. திரும்பிப் போய், “சித்தப்பா, ஒண்ணு விட்டுப்போச்சு, அங்க ஸ்கூலும் உண்டு” என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். போகவில்லை. சொன்னால் நிவியின் சிரிப்பு போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில், அமைச்சர் தப்பாகச் செய்தி வாசித்தார் என்று ஆகிவிடுமே என்பதுதான். ஊரார் பாவு நீட்டிய தெருவில் நான் பாவத்தை நீட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

முகூர்த்தம் முடிந்தது. பணம் கட்டும் தேதியும் முடிந்தது. சித்தி இரண்டு நாள் கடைப் பக்கமே வரவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நிவியின் தோழிகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனார்கள், நிவி கடைக்குப் போனாள். முதல் சில நாள் உற்சாகமாகத்தான் இருந்தாள். ஒரு சாயங்காலம் அவளோடு ஒரே பெஞ்சில் படித்த பெண் சீருடையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு புடவை எடுக்க வந்தாள். நான் கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நிவி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள், முந்தானையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டினாள். அந்த அம்மா, “நீ எந்த குரூப்புமா எடுத்துகிற?” என்று சாதாரணமாகக் கேட்டார். “காமர்ஸ் ஆன்ட்டி” என்றாள் நிவி, கண்ணை எடுக்காமல் புடவையை மடித்தபடி. தோழி குனிந்து முந்தானை ஜரிகையைத் தடவினாள். அவர்கள் போன பிறகு நிவி என் பக்கம் திரும்பி, “அண்ணா, ஜெர்மனியில பெரிய லீவு எப்ப உடுவாங்க?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நான் செய்தி வாசிப்பதில்லை. “இன்னாடா, ஆட்சி கவுந்துடுச்சா?” என்று அப்பா கேட்டுப் பார்த்தார். கவிழ்ந்ததில் ஒரு நன்மை, எல்லா நாடுகளையும் மறுபடி முழுசாகப் படித்தேன். எந்த நாட்டுக்கும் பின்பக்கம் ஒன்று இருக்கிறது, மகனே. பின்லாந்தில் தேர்வு குறைவு என்பதற்குப் பின்னால், பின்தங்குகிற பிள்ளையோடு கூடவே உட்காருவதற்குத் தனி ஆசிரியர் இருக்கிறார். கொரியப் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணுக்குப் பின்னால் அவர்கள் தொலைத்த தூக்கம் இருக்கிறது. நம்மூரையும் சும்மா மட்டம் தட்டக் கூடாது. கணக்கில் போன ஒரு பெண்ணுக்கு இரண்டே மாதத்தில் இன்னொரு கதவைத் திறந்து வைத்தது நம் தமிழ்நாடுதான். அந்தக் கதவில் ஜெர்மனிப் பூட்டைப் போட்டவன் நான். நாளைக்கு நீ எந்த ஊருக்குப் படிக்கப் போனாலும், ‘அங்கே அப்படி, இங்கே இப்படி’ என்று யாராவது ஆரம்பித்தால் சரி என்று கேட்டுக்கொள். கேட்டுவிட்டு, மீதியையும் சொல்லச் சொல். சொல்கிறவன் நீயாக இருந்தால், எதிரே யார் உட்கார்ந்து கேட்கிறார்கள், அவர்களுக்கு அதில் எந்தப் பாதி வசதி என்று பார்த்துவிட்டு வாயைத் திற.

அப்பன் தப்பு செய்தான், பிறகு என்ன செய்தான் என்று கேட்பாய். சொல்கிறேன். தீபாவளிக்கு முன் ஒருநாள் கடைக்குள் நிமிர்ந்த நெஞ்சோடு நுழைந்தேன். சித்தப்பாவின் முன்னால் நின்று, “பாதி ஜெர்மனி போதாது, முழு ஜெர்மனி வேண்டும்” என்று முழங்கினேன். ஆதாரங்களை அடுக்கினேன். சித்தப்பா திணறினார், தலைகுனிந்தார், ஒத்துக்கொண்டார். அதன் பலனாக இப்போது செவ்வாயும் வியாழனும் நிவி கடைக்குப் போவதில்லை. பழைய கணக்கு டீச்சர் வீட்டுக்குப் படிக்கப் போகிறாள். வரும் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் போகிறாள். இழந்த வருடம் திரும்பி வராது, ஆனால் இனி வருகிற வருடங்களை உன் அப்பன் பேசி வாங்கிக் கொடுத்துவிட்டான்.

மகனே, மேலே உள்ள பத்தியோடு கடிதத்தை முடித்து, நல்ல பேனாவில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அச்சுக்குக் கொடுக்குமுன் நிவி படிக்க வேண்டும் என்று தோன்றியது. நான் தெரிந்தே மறைத்தேன் என்பது அவளுக்கு ஆண்டு மலரைப் பார்த்துத் தெரிய வேண்டாம் அல்லவா. நேற்று கடையில் கொடுத்துவிட்டு, புடவை எண்ணுவதுபோல் நடித்துக்கொண்டு நின்றேன். நிதானமாகப் படித்தாள். பிறகு கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள்.

“யாருண்ணா இது, நெஞ்ச நிமித்திகினு வந்தது? எனக்குத் தெரியாம இன்னொரு அண்ணன் கீறானா?”

எனவே, நடந்தது நடந்தபடி. வந்தவாசிக் கல்யாணப் பெண் தலைதீபாவளிக்குப் புடவை எடுக்க மறுபடி வந்திருந்தார். எடுத்ததைக் காட்ட ஜெர்மனியிலிருக்கும் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். நிவிதான் புடவையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தபடியே போனைப் பார்த்துக் கேட்டாள். “அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க ஊர்ல கடையில வேல செய்ற பொண்ணுங்க ஸ்கூலுக்கே போவ மாட்டாங்களா?” போனிலிருந்து கடை முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது. “யாரும்மா சொன்னது? ஸ்கூலுக்குப் போயே ஆவணும். அனுப்பாத மொதலாளிதான் மாட்டுவாரு. அன்னிக்கு சோடா குடுத்த தம்பிகிட்ட எல்லாத்தயும் சொன்னனே!”

நிவி புடவையைக் கீழே வைத்தாள். “எனக்கு அந்த ஸ்கூல் நாள எப்பப்பா குடுப்ப?” என்றாள். அவர் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இன்னாடா, உனுக்கு முன்னாடியே தெரியுமா?”

நிமிர்ந்த நெஞ்சு, முழக்கம், ஆதாரம், எல்லாவற்றுக்கும் அதுதான் நேரம். நான் சொன்னது இது: “எனக்கும் இப்பதான் சித்தப்பா தெரியும். டீ வாங்கியாரட்டுங்களா?” பதிலுக்குக் காத்திராமல் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். செவ்வாயையும் வியாழனையும், நான் தெருமுனையில் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில், நிவி தானாகக் கேட்டு வாங்கினாள்.

நேற்று இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கேட்டு நின்றேன். “முன்னாடியே தெரிஞ்சுதான் மறச்சேன் நிவி. அத்தாலதான் உன் வருசம் போச்சு” என்றேன்.

“தெரியும்” என்றாள். “நீ டீ வாங்க ஓடனப்பவே தெரியும். அப்பதான் வந்த டீ டேபிள் மேலயே ஆவி பறந்துகினு இருந்துச்சு.”

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வாசல் வரை போனவனைக் கூப்பிட்டு, “பெரியம்மா ரிமோட் கெடச்சுதுன்னு போன்ல சந்தோசப்பட்டாங்க. அத்தயும் சரியா எழுதிடு” என்றாள்.

மகனே, ரிமோட்டை அரிசி டிரம்முக்குள் போட்டதும் நான்தான்.

இப்படிக்கு,
கைதட்டல் எதையும் எதிர்பார்க்காத
உன் அப்பா